ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாட்காட்டி

அந்த ஞாயிறு காலை ஒன்பது இருபதுக்கு நான் பினாங்கின் பூலாவ் தீக்குஸ் சந்தையில் ஒரு தெங்கிரி மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை கேட்டு, முகத்தைச் சுளிக்கிற கட்டத்தில் கைப்பேசி அடித்தது. பக்கத்து மாநிலமான கெடாவில், சுங்கைப் பட்டாணியில் வழக்கறிஞராக இருக்கும் ஓர் அண்ணன். இருபது ஆண்டுப் பழக்கம். "தங்கச்சி, எங்கே இருக்கிறாய்?" என்றார். மீன் வாங்குகிறேன் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "உன் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ இல்லை. நான் எழுந்து நின்று உனக்காகப் பேசிவிட்டேன். இரண்டு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். பதறாதே, மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ" என்றார்.

கெடாவில் ஞாயிறு வேலை நாள் என்பது பினாங்கில் தொழில் செய்கிற எந்த வழக்கறிஞருக்கும் புதிய செய்தியில்லை. பாலத்தைத் தாண்டி, மூடா ஆற்றையும் தாண்டிவிட்டால் வாரம் வேறு மாதிரி ஓடும். வெள்ளியும் சனியும் அடைப்பு, ஞாயிறு திறப்பு. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பக்கம் வழக்கு நடத்துகிறவள் நான். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அன்றைக்கும் பெரிய சேதம் எதுவுமில்லை. விசாரணைக்கு முந்திய சாதாரண அமர்வு. வராமல் போனதற்குச் செலவுத் தொகைகூட விதிக்கவில்லை. ஆனாலும் அன்று மீன் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக நாட்காட்டியைத் திறந்து பார்த்தேன். தேதி இருந்தது. சரியான நாள், சரியான நேரம், வழக்கு எண், செஷன்ஸ் நீதிமன்றம் எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருந்தன. ஆனால் திரையில் தெரியவில்லை. எங்கள் அலுவலகச் சுவரில் பெரிய தொலைக்காட்சி ஒன்றை மாட்டி, அந்த வாரத்து வழக்குகளை அதில் காட்டுகிறோம். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று, திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் காட்டும்படி யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். யார் என்று விசாரித்தேன். ஆறு மாதத்துக்கு முன்னால் அப்படி மாற்றியது நான்தான். பதினான்கு பேர் படிக்க வசதியாகச் செய்தேன் என்று அன்று பெருமை வேறு அடித்துக்கொண்டேனாம். அந்தத் தேதிக்கான நினைவூட்டல் மின்னஞ்சல் மட்டும் முறையாகப் போயிருந்தது, முந்தின ஆண்டே வேலையை விட்டுப் போய்விட்ட ஓர் இளம் வழக்கறிஞரின் முகவரிக்கு.

எங்கள் அலுவலகத்தின் மூத்த பங்குதாரரை எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். எழுபதைத் தாண்டியவர். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நாள் எழுதி வைக்கிற இடம் நம்மிடம் எத்தனை இருக்கிறது?" என்றார். ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். சுவர்த் திரையில் காட்டும் நாட்காட்டி ஒன்று. வேலை நேரத்தைப் பதிவு செய்ய வாங்கிய மென்பொருளிலும் ஒரு நாட்குறிப்பு உண்டு. வாட்ஸ்அப் குழு. கோப்பின் அட்டை. எங்கள் மூத்த ஊழியர் பெரியக்காவின் டைரி. ஐந்து. விரல் விட்டு எண்ணி முடித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "ஐந்து பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஐந்து பேரும் நினைத்திருக்கிறார்கள்" என்றார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க ஐந்து மாமன்களை நிறுத்தினால் அப்பளம் யாருக்கும் வராது என்பதும் அவர் சொன்னதுதான். அதை எழுதினால் கோபித்துக்கொள்வார், இருக்கட்டும்.

பதினேழு தலபுராணங்கள்

அன்று மாலை ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் நாங்கள் பயன்படுத்துகிற மென்பொருள்களை எழுத ஆரம்பித்தேன். பதினேழில் வந்து நின்றது. ஐந்து வழக்கறிஞர்கள், ஒன்பது ஊழியர்கள், பிஷப் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடி, அதற்குப் பதினேழு. தட்டச்சு செய்கிற மென்பொருளைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது மேசை நாற்காலி மாதிரி. பதினேழில் ஐந்து எங்கள் கையில் இல்லாதவை: நீதிமன்றத்தின் மின்தாக்கல், நில அலுவலகத்தின் இ-தானா, முத்திரை வரி, நிறுவனப் பதிவுத் தேடல், வருமான வரி. இவை அரசின் வாசல்கள். கதவு எப்படி இருந்தாலும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். மீதிப் பன்னிரண்டும் நாங்களே விலை கொடுத்தோ இலவசமாகவோ வீட்டுக்குள் கூட்டி வந்தவை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தலபுராணம் இருந்தது. கோப்புகளைச் சேமித்து வைக்கும் இணையச் சேவை ஏன் இரண்டு? 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அந்த வாரமே நான் என் வீட்டிலிருந்து ஒன்றுக்குப் பணம் கட்டினேன். இளைய பங்குதாரர் அவர் வீட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டினார். இருவரும் அலுவலகத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தோம். நான்கு ஆண்டு கழித்தும் பாதிக் கோப்புகள் அங்கே, பாதி இங்கே. பிடிஎஃப் மென்பொருள் ஏன் மூன்று? ஒன்றில் ஆவணங்களை இணைக்கலாம், ஆனால் பக்க எண் போட முடியாது. இன்னொன்றில் பக்க எண் போடலாம், கோப்பு பருத்துவிடும். மூன்றாவது இளைக்க வைப்பதற்கு. ஒரு கட்டு ஆவணம் நீதிமன்றத்துக்குப் போகும் முன் இந்த மூன்று குளத்திலும் முழுகி எழும். நினைவூட்டல் செயலி ஏன்? ஒருமுறை ஒரு மேல்முறையீட்டு நோட்டீஸ் கடைசி நாள் மாலையில் போனது. செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகப் பதினான்கு நாள்தான். உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போக முப்பது. யாரோ முப்பது என்ற நினைப்பில் இருந்துவிட்டார்கள். அந்த மாலையின் பயத்தில் வாங்கியது அந்தச் செயலி. பயம் தெளிந்ததும் யாரும் அதைத் திறக்கவில்லை. மாதக் கட்டணம் மட்டும் கடன் அட்டையில் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

இதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அலுவலகத்தில் ஏதாவது தப்பு நடந்தால், யாருடைய தப்பு என்று பேசுவது சங்கடம். அதைவிட ஒரு மென்பொருள் வாங்குவது சுலபம். பழியும் தீரும், நடவடிக்கை எடுத்ததுபோலவும் இருக்கும். எங்கள் பன்னிரண்டில் குறைந்தது எட்டு, ஒருவரை ஒருவர் முகத்துக்கு நேரே கேட்கத் தயங்கிய ஒரு கேள்வியின் விலை என்று நினைக்கிறேன்.

கட்டணக் கணக்குப் போடுகிற எக்செல் தாள்களின் கதை கொஞ்சம் மானக்கேடானது. சொத்து வாங்க விற்க வழக்கறிஞர் வாங்கும் கட்டணத்தைச் சட்டப்படி வெளியாகும் ஓர் ஆணைதான் நிர்ணயிக்கிறது. முன்பு முதல் ஐந்து லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) ஒரு விழுக்காடு, அடுத்த ஐந்து லட்சத்துக்கு 0.8. 2023 ஜூலை 15 முதல் அது மாறியது: முதல் ஐந்து லட்சத்துக்கு 1.25, அதற்கு மேல் ஒரு விழுக்காடு. எங்களிடம் இந்தக் கணக்கைப் போடும் தாள் மூன்று கணினிகளில் மூன்று பிரதிகளாக இருந்தது. இரண்டைத் திருத்தினோம். அந்த ஆண்டின் கடைசியில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் 620,000 வெள்ளிக்கு வீடு வாங்க வந்தார்கள். கணவருக்கு மின்னஞ்சலில் 5,960 வெள்ளி என்று மதிப்பீடு போனது. மனைவிக்கு வாட்ஸ்அப்பில் 7,450. இரண்டுமே எங்கள் அலுவலகத் தாள்தலைப்பில். அவர்கள் இரண்டையும் அச்செடுத்து என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். புதிய ஆணையைக் காட்டி விளக்கினேன். அந்த மனிதர் கோபப்படவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில், "சட்டம் மாறியது உங்களுக்கே தெரியாமல் இருந்ததா மிஸ்?" என்று கேட்டார். இரண்டு கணினிக்குத் தெரியும், ஒன்றுக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

எல்லாம் ஒரே திரையில்

இந்தப் பட்டியலோடு நான் முதலில் செய்தது, எல்லாரும் செய்வதுதான். எங்கள் பன்னிரண்டையும் தூக்கிவிட்டு ஒன்றே ஒன்று வாங்கலாம் என்று கிளம்பினேன். கோலாலம்பூரிலிருந்து ஒரு விற்பனையாளர் வந்தார். நல்ல பையன், தமிழிலேயே பேசினார். கோப்பு, கணக்கு, நாட்காட்டி, கடிதம் எல்லாம் ஒரே திரையில் என்று வரிசையாகக் காட்டினார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நாட்காட்டியில் ஜூலை 7-ஐக் காட்டச் சொன்னேன். வெறும் நாளாக இருந்தது. ஜார்ஜ் டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நாள் அது; பினாங்கில் விடுமுறை. பிப்ரவரி 1 மட்டும் விடுமுறை என்று சிவப்பில் இருந்தது. அது கூட்டரசுப் பிரதேச தினம், கோலாலம்பூருக்கு விடுமுறை, எங்களுக்கு இல்லை. சரி, கெடா வழக்குகளுக்கு மட்டும் ஞாயிறை வேலை நாளாகவும் வெள்ளியை விடுமுறையாகவும் கணக்கிட வைக்க முடியுமா என்று கேட்டேன். குறித்துக்கொண்டார். "அடுத்த பதிப்பில் வந்துவிடும்" என்றார். அந்த அடுத்த பதிப்பு, வரும் வரும் என்று சொல்லி வராத எங்கள் ஊர் மோனோரயில் மாதிரி என்று ஐயா அவர் போன பிறகு சொன்னார்.

ஒரே திரை யோசனையைக் கைவிட்டுவிட்டு, இருப்பதை வெட்டலாம் என்று முடிவு செய்தேன். வெட்டுவதில் ஒரு போதை இருக்கிறது. முதல் வாரத்தில் நினைவூட்டல் செயலி போனது. யாரும் கவனிக்கவே இல்லை. இரண்டாம் வாரம் பிடிஎஃப் மூன்றில் இரண்டு. எனக்குக் கை வேகம் பிடித்துவிட்டது. மூன்றாம் வாரம் பெரியக்காவின் எக்செல் தாளில் கை வைத்தேன்.

பெரியக்கா எங்கள் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். 1989-இல் தட்டச்சராக வந்தவர். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி அடித்த காலத்து ஆள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். நான் அக்கா என்பேன். நாங்கள் எழுதிக் கொடுத்த உயில்கள், பாதுகாப்புக்காக எங்களிடம் இருக்கும் மூல கிராண்டுகள் என்னும் நிலப் பட்டாக்கள் எல்லாவற்றுக்கும் அவர் ஓர் எக்செல் தாள் வைத்திருந்தார். அதே விவரங்கள் கோப்புச் சேமிப்பு மென்பொருளிலும் இருக்கின்றனவே, எதற்கு இரட்டை வேலை என்று அந்தத் தாளை மென்பொருளுக்குள் ஏற்றினேன். ஏற்றும்போது ஒவ்வொரு பத்திக்கும் தலைப்புக் கேட்டது. பெயர், அடையாள அட்டை எண், தேதி, கோப்பு எண் எல்லாம் சரி. ஏழாவது பத்திக்குத் தலைப்பே இல்லை. உள்ளே ப.பெ., மா.கீ., ஐ.அ. என்று தமிழ் எழுத்துகள். ஏதோ கிறுக்கல் என்று நினைத்து அந்தப் பத்தியின் மேலிருந்த குறியை நீக்கிவிட்டு ஏற்றினேன். பழைய தாளை, யாரும் திறந்து குழப்பிக்கொள்ளக் கூடாது என்று, பூட்டுப் போட்ட ஒரு கோப்புறையில் தூக்கி வைத்தேன்.

ஏழாவது பத்தி

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பெரியக்கா தம் அக்காவின் மகள் கல்யாணத்துக்குத் தைப்பிங் போயிருந்தார். ஆயர் ஈத்தாமிலிருந்து ஒருவர் வந்தார். தோளில் துண்டு மடிப்பு, மொட்டையடித்த தலை. அப்பா இறந்து பதினாறு நாள் முடிந்திருந்தது. 1998-இல் இந்த அலுவலகத்தில்தான் உயில் எழுதினார், நகல் வீட்டில் இருக்கிறது, மூலம் உங்களிடம் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றார். நகலோடு நீதிமன்றத்துக்குப் போவது தனிப் போராட்டம், மூலம் வேண்டும். கணினியில் பெயரைத் தட்டினேன். வரவில்லை. இன்னொரு மாதிரி தட்டினேன். வரவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லவேண்டும், ஏனென்றால் இது நம்மவர்களின் தனித் துயரம். அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, மகன் அல்லது மகள் என்பதைக் குறிக்க, ஏ/எல் அல்லது ஏ/பி என்று இருக்கும். அந்த நடுவிலிருக்கும் சாய்கோட்டைக் கணினி கோப்பின் பெயரில் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே ஒருவர் ஏஎல் என்று சேர்த்து எழுதுவார், ஒருவர் நடுவில் சிறு கோடு போடுவார், ஒருவர் இடம் விடுவார், ஒருவர் அதைத் தூக்கியே விடுவார். எங்கள் அலுவலகத்தில் சீன வாடிக்கையாளரின் கோப்பு ஒரு தேடலில் கிடைக்கும். தமிழருடையது நான்கு தேடல். தமிழர் நடத்துகிற அலுவலகத்தில் இந்த நிலை. பல ஆண்டுகளாக இதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. நான்கு தடவை தேடுவது வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது.

நான்காவது தேடலில் பெயர் வந்தது. உயில், 1998, கோப்பு எண். கோப்பு முடிந்துவிட்டது, அழிக்கப்பட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தது. எனக்கு வயிறு கலங்கியது. வந்தவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, தைப்பிங்குக்கு அழைத்தேன். பின்னணியில் நாதஸ்வரம். "கோப்பைத்தானே அழித்தோம் மிஸ், உயிலை அழிப்போமா? அது இருக்கிறது. என் தாளில் பாருங்கள்" என்றார்.

"உங்கள் தாளை நான் எடுத்துவிட்டேன் அக்கா."

நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பிறகு, "எடுத்து எங்கே வைத்தீர்கள்?"

சொன்னேன். "அதைத் திறந்து ஏழாவது பத்தியைப் பாருங்கள்."

"அதற்குத் தலைப்பே இல்லையே அக்கா."

"தலைப்பு எதற்கு மிஸ்? எனக்குத்தான் தெரியுமே."

ப.பெ. என்றால் பச்சைப் பெட்டி. மா.கீ. மாடிப்படிக்குக் கீழே. ஐ.அ. ஐயா அறை. மாடிப்படிக்குக் கீழே பழைய மின்விசிறிகளுக்கும் தீபாவளித் தோரணங்களுக்கும் பின்னால், பச்சை வண்ணம் உரிந்த இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. அது காலி என்று நான் பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கால் வைத்து ஏறி விளக்கு மாற்றியிருக்கிறேன். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட உறைகள், ஒவ்வொன்றிலும் பெரியக்காவின் கையெழுத்து. உயிலை எடுத்துக்கொண்டு போனபோது அந்த மனிதர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு என்னைச் சேர்ந்ததல்ல என்று அவருக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அது வரைக்கும் ஒவ்வொரு மென்பொருளையும் பார்த்து, இது நமக்குத் தேவையா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மேசையிலிருந்து கேட்டால் அந்தக் கேள்விக்கு எப்போதும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். அதைப் பயன்படுத்துகிறவள் நானில்லையே. பெரியக்கா கல்யாணம் முடிந்து வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தைப்பிங்கிலிருந்து கொண்டு வந்த பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். அந்த வாரம் மூன்று பிற்பகல் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒன்றும் சொல்லக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்று எனக்கு நானே கட்டளை.

ஒரு வீட்டு விற்பனைக் கோப்பை எடுத்தார். வாங்குபவரின் அடையாள அட்டை எண்ணைத் தட்டினார். பன்னிரண்டு இலக்கம், நடுவில் பிறந்த மாநிலத்தின் இரண்டு எண், 07. ஒப்பந்தத்தில் ஒருமுறை. நில மாற்றத்துக்கான 14ஏ பாரத்தில் ஒருமுறை. முத்திரை வரிக்கு, வருமான வரிக்கு, நில அலுவலகத்துக்கு, நிறுவனத் தேடலுக்கு ஒவ்வொருமுறை. வங்கிக்குப் போகும் கடிதத்தில், கணக்கு மென்பொருளில், சேமிப்பு மென்பொருளில். ஒன்பது. ஒவ்வொரு தடவை தட்டிய பிறகும் அட்டையின் நகலைப் பார்த்து, உதடு அசைய, எண்ணை வாசித்துச் சரிபார்த்தார். ஒன்பது தடவை தட்டி, ஒன்பது தடவை வாசிக்கிறார். "ஏன் அக்கா, முதலில் அடித்ததையே நகல் எடுத்து ஒட்டலாமே?" என்று கட்டளையை மீறிக் கேட்டுவிட்டேன். "ஒருமுறை அப்படி ஒட்டினேன் மிஸ். முதலில் அடித்ததே தப்பாக இருந்தது. தப்பு எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போனது. நில அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தபிறகுதான் தெரிந்தது" என்றார். எந்த ஆண்டு என்று கேட்டேன். 2006 என்றார், யோசிக்காமல்.

ஒன்பதில் நான்கு அரசின் வாசல்கள். அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. ஒப்பந்தம், பாரம், கடிதம், கணக்கு, சேமிப்பு என்று மீதி ஐந்து எங்களுடையவை. இந்த ஐந்துக்கும் தட்டுவதை ஒருமுறையாக்கினோம். அவர் ஒரு தாளில் ஒருமுறை தட்டுகிறார். வேறொருவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உரக்க வாசிக்கிறார். வாசித்தவர் பெயரும் தாளில் இருக்கிறது. அதன் பிறகு ஒப்பந்தமும் கடிதமும் பாரமும் அந்தத் தாளிலிருந்தே விவரத்தை எடுத்துக்கொள்கின்றன. இதற்குப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. தட்டச்சு மென்பொருளில் பல ஆண்டுகளாக இருக்கும் ஒரு வசதி, யாரும் சீண்டாமல் கிடந்தது. ஏ/எல் பிரச்சினைக்கும் ஒரு வழி செய்தோம்; கோப்பின் பெயரில் ஆள் பெயரே வேண்டாம், எண் மட்டும். பெயர், அட்டையில் இருக்கிறபடியே, சாய்கோட்டோடு, தாளுக்குள்.

தொடாமல் விட்டது

கணக்கு மென்பொருளைத் தொடவில்லை. பத்து வயதான கணினி ஒன்றில் அது ஓடுகிறது. அந்தக் கணினியை அணைக்கும் உரிமை கணக்குப் பார்க்கும் தம்பிக்கு மட்டும்தான். அதைப் பார்க்கிற எவருக்கும் முதலில் வெட்டத் தோன்றுவது அதுதான். எனக்கும் தோன்றியது. ஆனால் அதில் இருப்பது எங்கள் பணம் மட்டுமில்லை. வாடிக்கையாளர் பணம் தனிக் கணக்கு, அலுவலகப் பணம் தனிக் கணக்கு என்பது 1990-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கணக்கு விதிகள் போட்ட வேலி. ஆண்டுதோறும் கணக்காய்வாளர் அறிக்கை கொடுத்தால்தான் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க முடியும். ஒரு காசோலைக்கு இரண்டு கையெழுத்து, ஒரு பற்றுச்சீட்டுக்கு மூன்று பிரதி என்று அங்கே எல்லாமே மெதுவாக நடக்கிறது. மெதுவாகவே நடக்கட்டும். பணத்தைச் சுலபமாக நகர்த்தலாம் என்று யாராவது காட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வாட்ஸ்அப்பையும் வெட்ட முடியவில்லை. காரணம் ஐயா. வாடிக்கையாளர்கள் அவருக்குக் குரல் பதிவு அனுப்புவார்கள். அவரும் பாலத்தில் கார் நெரிசலில் உட்கார்ந்து அதைவிட நீளமாகப் பதில் அனுப்புவார். குழுக்கள் பதினான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தன. தேதி எதையும் அங்கே முடிவு செய்யக் கூடாது என்று ஏற்பாடு. யாராவது அங்கே ஒரு தேதியை எழுதினால், "நாட்காட்டியில் போட்டாயிற்றா?" என்று யாரேனும் பதில் போடுவார்கள். முதல் மாதம் அந்தக் கேள்வியை அதிகமாக வாங்கிக்கொண்டவள் நான்.

இப்போது பதினொன்றில் நிற்கிறோம். பெரியக்காவின் தாள் அதில் ஒன்று, ஏழு பத்திகளோடு. ஏழாவதற்குத் தலைப்பு வைக்கலாமா என்று கேட்டேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு "எங்கே" என்று தட்டினார். நாள் எழுதி வைக்கிற இடம் ஒன்றே ஒன்று. சுவர்த் திரையில் ஏழு நாளும் தெரிகின்றன. எழுத்து கொஞ்சம் சிறுத்துவிட்டது. கெடா வழக்குகள் மஞ்சளில். பெரியக்காவின் டைரி இன்னும் அவர் இழுப்பறையில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்தச் சுங்கைப் பட்டாணி வழக்கு சென்ற மாதம் விசாரணைக்கு வந்தது. ஞாயிறு காலை, பாலத்தில் கூட்டமில்லை, எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். முடிந்ததும் அண்ணனுக்குத் தே தாரிக் வாங்கிக் கொடுக்க எதிர்க்கடைக்குக் கூட்டிப் போனேன். ஒன்றரை ஆண்டுக் கடன். பதினேழு, பச்சைப் பெட்டி, ஏழாவது பத்தி எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "எங்களுக்கு வெள்ளிக்கிழமை, தங்கச்சி" என்றார். போன மாதம் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் அவருக்கு ஒரு வழக்கு, வெள்ளிக்கிழமை. கெடாவில் விடுமுறையாயிற்றே, வீட்டில் பேரனுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாராம். அவருக்காக அங்கே யாரும் எழுந்து நிற்கவில்லை.

அடுத்த தேதி எப்போது என்று கேட்டேன். சொன்னார். கைப்பேசியை எடுத்து அங்கேயே எங்கள் நாட்காட்டியில் போட்டேன். வேறு நிறம் வேண்டுமே என்று பார்த்து, பச்சை கொடுத்தேன். மறுநாள் காலை பெரியக்கா சுவர்த் திரையைப் பார்த்துவிட்டு, "இது யார் வழக்கு மிஸ்?" என்றார்.